அலமாரிக் கதவில் ஓர் எண்

எங்கள் மயிலாப்பூர் வீட்டு மர அலமாரியைத் திறந்தால் கதவின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண் தெரியும்: 73939133. கல்லூரியில் கணிதம் படித்தபோது என் அண்ணா பட்டை பட்டையாக எழுதியது. துணி வைக்கிற இடத்தில் இதென்ன கூத்து என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள்.

அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் பகா எண்தான். வெறும் ஏழு நிற்கும்வரை இப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் வகுபட்டுவிடும். இந்த ஜாதியில் இதைவிடப் பெரிய எண் கிடையாது என்பதில் அண்ணாவுக்கு என்னவோ தானே பெற்ற பிள்ளை மாதிரி பெருமை. வலப்பக்கத்திலிருந்து என் கையால் ஒவ்வொன்றாக மறைக்கச் சொல்வார். “இப்போ?” என்பேன். “அசையலை” என்பார். ஏழுக்கு வந்ததும் என் கையைத் தட்டிவிடுவார். “அது மேல கை வைக்காதே. அதுவும் போயிட்டா ஒண்ணுமே இல்லை.”

அடையாறில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அண்ணா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் காலமான பிறகு நாங்கள் இருவர்தான் இந்த வீட்டில். மறதி நோய் வந்து அவரிடமிருந்து முதலில் வீட்டுக்கு வரும் வழி போயிற்று, பிறகு அம்மா இறந்துபோன விஷயம், பிறகு என் பெயர். பார்க்க வந்த அவருடைய பழைய சிநேகிதர், “அந்த எண் மாதிரிதான், எத்தனை குறைஞ்சாலும் உள்ளே அவர்தான்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணுக்கு யாரும் வேட்டி மாற்றிவிட வேண்டியதில்லை.

“உனக்கும் வயசாச்சும்மா. மாமாவை இன்னும் எத்தனை நாள் தனியா பாத்துண்டிருப்பே?” என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தையும் பார்த்துவிட்டான். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சரி என்றுவிட்டேன்.

போன வாரம், கிளம்ப வேண்டிய காலையில், அவருடைய வேட்டிகளை எடுத்துவைக்க அலமாரியைத் திறந்தேன். அண்ணா பின்னால் வந்து நின்றார். எதற்கென்று தெரியாமலே கடைசி இலக்கமான மூன்றை மறைத்து, “இப்போ?” என்றேன். அடுத்ததை மறைத்தேன், அதற்கும் அடுத்ததை. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுத்துப்போய் ஏழின் மேலும் கையை வைத்தேன்.

சட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். “அது மேல கை வைக்காதே.”

“அண்ணா, நான் யாருன்னு தெரியறதா?”

“தெரியலையே மாமி” என்றார், மரியாதையாக.

மகனுக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றேன். களைப்பு அப்படியேதான் இருந்தது. எடுத்த வேட்டிகளைத் திரும்ப உள்ளே அடுக்கினேன். நான் கதவைச் சாத்தும்வரை அண்ணா அந்த ஏழின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.