‘இவளே’ என்று முதலில் சொன்னவள்

பத்து வருஷத்துக்கும் மேலாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். அதில் ஆறு வருஷம் நீடாமங்கலத்தைத் தாண்டி உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில். மன்னார்குடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தாராசுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டக்டரிடம் ‘மன்னார்குடி’ என்று சொல்வதோடு என் பேச்சு நின்றுவிடும். திங்கட்கிழமை முதல் பீரியடில்தான் மறுபடி வாயைத் திறப்பேன். குரல் கரகரவென்று வரும். பிள்ளைகள் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்ததும் மார்க் வரிசையில் அடுக்கிக்கொள்வேன். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பேரும் மார்க்கும் சொல்லிக் கொடுப்பேன். முதலில் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். பாதிக்குப் பிறகு வகுப்பில் சத்தம் குறையும். கடைசித் தாள்கள் யாருடையவை என்று நான் சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பாடம் எடுத்தவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அங்கே ஒரு வருஷம் ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரைச் சேர்ந்தவள். அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். போனால் திரும்பச் சில நாட்கள் ஆகும். அம்மா முந்தின வருஷம் இறந்துபோயிருந்தார். பெண்ணைத் தனியாக விட முடியாமல், காதல் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் பள்ளிக்கூடத்து ஊருக்கு வந்துவிட்ட தன் தங்கையிடம் அப்பா கொண்டுவந்து விட்டிருந்தார். அவள் ஜன்னலோரம் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். மற்றவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். மேட்டூரில் எப்போது தண்ணீர் விடுவார்கள், யார் வீட்டில் நாற்று விட்டார்கள் என்று அவர்களுக்குள் பேச்சு ஓடும். கடலைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் தேர்வில் பத்தொன்பது மார்க் எடுத்தாள். தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு ஆசிரியர் அறைக்குக் கணக்குப் போட வரச் சொன்னேன். மற்ற ஆசிரியைகள் பக்கத்து அறையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஏதோ ஒரு வருத்தத்தில் நான் அங்கே போவதை நிறுத்தியிருந்தேன். அதனால் அந்த நேரத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். “டீச்சர், இந்த மைனஸ் எங்கேருந்து வந்துச்சு?” என்று மெல்லக் கேட்பாள். எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது எனக்கும் தேவையாக இருந்தது. அதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

காலாண்டுத் தேர்வில் ஐம்பத்திரண்டு எடுத்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தாள் கொடுக்கும்போது அவளுடைய தாளைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஃபெயிலான பையன்களைப் பார்த்துச் சொன்னேன்: “இவளே அம்பத்திரெண்டு வாங்கிட்டா. உங்களுக்கெல்லாம் என்னடா?”

வகுப்பு சிரித்தது. அவள் வந்து தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளைப் பாராட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டே அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு மதியம் வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, “நானே படிச்சுக்குறேன் டீச்சர்” என்றாள். பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பர் தேர்வில் பேரும் எண்ணும் மட்டும் எழுதிவிட்டு வெற்றுத் தாளைக் கொடுத்திருந்தாள். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, “என்ன, திமிரா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

நான்கு நாள் பார்த்துவிட்டு வகுப்பில் விசாரித்தேன். அவள் பேரைச் சொன்னதும் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முதல் பெஞ்சில் இருந்த பெண்ணை வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன்.

“நாங்க அவளப் பேர் சொல்லிக் கூப்புடுறதில்ல டீச்சர்” என்றாள்.

“பின்ன?”

“‘இவளே’ம்போம். ‘இவளே வந்துட்டா’, ‘இவளே சாப்டுட்டா’ன்னு. சும்மா வெளாட்டுக்குத்தான் டீச்சர்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்ல, அதுலேருந்து” என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு அவள் அத்தை வீட்டுக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது. அத்தை களை பறிக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவள் மட்டும் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “வாங்க டீச்சர்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

“ஏம்மா வரல?”

“காய்ச்சல் டீச்சர்.”

“காய்ச்சல் மாதிரி தெரியல. ‘இவளே’ன்னு கூப்புடுறாங்களாமே, நிஜமா?”

அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

“அன்னைக்கு நான் உன்னப் பாராட்டத்தாம்மா நெனச்சேன்.”

“தெரியும் டீச்சர். நீங்க நல்ல மாதிரிதான் சொன்னீங்க.”

“அப்பறம் ஏன் வெத்துத் தாளக் குடுத்தே? அந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியுமே.”

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். “பாஸ் பண்ணுனா மறுபடி ‘இவளே பாஸ் பண்ணிட்டா’ம்பாங்க. ஃபெயிலானா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே கூச்சமாக இருந்தது. எழுந்து நின்றுகொண்டு, “நான் சொன்னது தப்பும்மா. என்ன மன்னிச்சுடு” என்றேன். ஒரு மாணவியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“பரவால்ல டீச்சர்” என்றாள், பஸ்ஸில் காலை மிதித்துவிட்ட யாரிடமோ சொல்வது போல. டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கால் கரையில் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்து, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே வகுப்பில் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளை வைத்துக்கொண்டு பேசினால் அது இன்னொரு தடவை எழுப்பி நிறுத்துவது போல ஆகிவிடும். “ஒரு பொண்ணுக்கு நீங்க ஒரு பேர் வச்சிருக்கீங்க. அத ஆரம்பிச்சது நான். ‘இவளே’ன்னு சொன்னா, இவளால முடியாதுன்னு நான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். அது தப்பு. நான் நிறுத்திட்டேன், நீங்களும் நிறுத்துங்க” என்றேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். பேசி முடித்ததும் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. மாறவில்லை. அவள் இரண்டு நாள் கழித்து வந்தாள். அந்தப் பேர் மறைய டிசம்பர் வரைக்கும் ஆனது.

நான் தாள் கொடுக்கும் விதத்தை மாற்றினேன். வகுப்பில் கணக்கு எழுதச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்துத் தாளைக் கையில் கொடுப்பேன். மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், “எந்தக் கணக்கு போடும்போது நல்லா இருந்துச்சு?” என்று கேட்பேன். ஆளுக்கு மூன்று நான்கு நிமிஷம். எல்லாருக்கும் கொடுத்து முடிக்க இரண்டு நாள் ஆகும். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, “போர்டு எக்ஸாம் வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்கு டீச்சர்? போர்ஷன முடிங்க” என்றார். “முடிச்சுடுறேன் சார்” என்றேன். சனிக்கிழமைகளில் வந்து முடித்தேன். சனிக்கிழமை எனக்கு வேறு வேலையும் இல்லை.

அந்த ஸ்டூலில் நான் எதிர்பார்க்காத பேச்செல்லாம் வந்தது. எப்போதும் முதல் தாள் வாங்கும் பெண் உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின நாள் வாந்தி எடுப்பாளாம். என்றைக்காவது தன் பேர் இரண்டாவதாக வந்துவிடுமோ என்று பயம். நான் அடுக்கிய வரிசையில் மேலே இருந்தவளும் நிம்மதியாக இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடலோர ஊர்ப் பெண்ணின் முறை வந்தபோது அவள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். எந்தக் கணக்கு என்று சொல்லவில்லை.

“நீங்க தனியாவா டீச்சர் இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. யார் சொன்னா?”

“மன்னார்குடி போறப்ப பஸ்ஸுல பாத்துருக்கேன். யாருகிட்டயும் பேசாம ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே இருப்பீங்க.”

“உங்கப்பா இப்ப கடல்லயா?” என்று கேட்டேன். ஆறு மாதம் தாமதமான கேள்வி அது. அவள் பேச ஆரம்பித்தாள். அப்பா கடலில் இருக்கும்போது போனில் சிக்னல் கிடைக்காது. கரையை நெருங்கும்போதுதான் அத்தை போனில் மணி அடிக்கும். அந்த மணி எப்போது அடிக்கும் என்று யோசித்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருப்பாளாம். அத்தையிடம் சொன்னால் அத்தையும் பயப்படுவார் என்று சொல்வதில்லையாம். நான்கு நிமிஷம் தாண்டிவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

மதியம் கணக்குக் கேட்க அவள் மறுபடி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஜனவரியில் பக்கத்துப் பெஞ்சுப் பெண் ஒருத்தியோடு அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். போர்டு தேர்வில் கணக்கில் அறுபத்தாறு வாங்கினாள். பதினொன்றாம் வகுப்பை அப்பா பக்கத்தில் இருந்தே படிக்கப் போவதாகச் சொல்லி, ஜூன் மாதம் டி.சி. வாங்க இருவரும் வந்தார்கள். அப்பா வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “புள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீங்க டீச்சர்” என்றார். அவள் வீட்டில் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்னமும் அது அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. இல்லை என்றுதான் சொல்வாள். என் மனசு ஆறுவதற்காக அந்தப் பிள்ளையைப் பதில் சொல்ல வைக்கக்கூடாது என்று கேட்காமல் விட்டேன். “காமர்ஸ் குரூப்பா?” என்று மட்டும் கேட்டேன். “ஆமா டீச்சர். போயிட்டு வர்றோம்” என்றாள்.

கேட்டைத் தாண்டி இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அலுவலக வாசலில் புதிதாகச் சேர வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். நான் போய் முதல் விண்ணப்பத்தை வாங்கி, அந்தப் பெண்ணிடம் பேர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன்.