நான் கழுவி வைத்த கிளாஸ்

"இதென்ன பனி? இன்னும் விடியேல்லையோ?" என்று என் கணவர் கேட்டபோது காலை பத்து மணி. கப்பல்துறையில் அன்று நல்ல வெயில்.

கதிரை, அலுமாரிகளுக்குப் பொலிஷ் போடுவது அவர் தொழில். அதற்கு முதல் நாள் காலை அவருடைய கிளாஸில் ஸ்பிரிட் மணத்தது. நான் ஒன்றும் கேட்காமல் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து குடியை விட்டவர் என்று ஊரே அறியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே வாந்தி. மூச்சு வேகமாக வாங்கியது.

"அம்மா, ஐயா குடிக்கிறவரோ?" இளம் டாக்டர் பிள்ளை கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. சத்தியம் பண்ணினவர்."

சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். "இரத்தத்தில அமிலம் ஏறிக்கிடக்கு. ஏதோ உள்ளுக்குப் போயிருக்கு. பிந்தினால் கண் போயிடும், உயிருக்கும் மோசம். உங்களை ஒருத்தரும் ஏச மாட்டினம், சொல்லுங்கோ."

சீலைத் தலைப்பை வாயில் வைத்தபடிதான் சொன்னேன். "பொலிஷுக்குக் கலக்கிற ஸ்பிரிட். கிளாஸைக் கழுவினது நான்தான்."

"இப்பவெண்டாலும் சொன்னீங்களே, அது காணும்" என்று ஓடினாள்.

அதன் பெயர் மெதனோல் (நச்சு மதுசாரம்). ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள்தான் எழுதித் தந்தாள். குடித்தவுடன் ஒன்றும் தெரியாதாம். உடம்புக்குள் போய் மாறித்தான் நஞ்சாகுமாம். அந்த மாற்றத்தைத் தடுக்க, சாராயத்தில் இருக்கும் நல்ல மதுசாரத்தை அளந்து மூக்குக் குழாயால் விட்டார்கள். பிறகு டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்தல்). இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துச் செய்யும் வைத்தியம் அது. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். மணந்த கிளாஸைக் கழுவவும் வேண்டாம். அதையும் கொண்டு ஓடுங்கள்.

மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது.

"இஞ்சேருங்கோ, ஏன் அதைக் குடிச்சனீங்கள்?"

"சத்தியத்தில சாராயம், கசிப்பு, கள்ளு எண்டுதானே சொன்னனான். ஸ்பிரிட்டைச் சொல்லேல்லையே."

டாக்டர் பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மூக்கால குடிக்கத் தந்தது நாங்கள், ஐயா. அதுக்குப் பிள்ளையாரிட்ட நாங்களே கதைக்கிறம்."

கட்டிலுக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்தபடி நானும் சிரித்தேன். கண்ணீரும் வந்தது.

அவருக்குப் பார்வை முழுவதும் திரும்பவில்லை. பேப்பர் வாசிக்க ஏலாது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். அவர் பொறுமையில்லாமல் மிச்சத்தைத் தானே சொல்லி முடிக்கிறார்.

முன்பெல்லாம் சேவல் கூவினால் எனக்கு விடிந்துவிடும். இப்போது அவர் கண் திறக்கும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.

"என்ன நிறச் சீலை?" என்று என் சீலையைக் காட்டிக் கேட்கிறேன்.

"பச்சை. நேற்றும் இதுதானே, மாத்தேல்லையோ?"

அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்ட எழும்புவேன்.