வச்சலா கடை புஷ்

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் நூர்முகமது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "புஷ் பாய்" என்று கேளுங்கள், ஜட்கா வண்டிக்காரனிலிருந்து டீக்கடைக்காரன் வரை கை நீட்டிக் காட்டுவான். அந்தப் பேர் அவருக்கு ஐம்பத்தாறாம் வருஷம் வந்தது. வந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவரோ சொல்லி முடிக்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பத்து வருஷம் ஊரார் கார்களை ஓட்டிவிட்டு, சொந்தமாக வாங்கிய கறுப்பு டாக்ஸி அது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மாபலிபுரம் கொண்டுபோய்க் காட்டிக் கூட்டிவருவது பிழைப்பு. வீட்டில் ஆறு வயிறு அந்த நாலு சக்கரத்தை நம்பித்தான் இருந்தது.

வண்டிக்கு ஒரு வியாதி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். முன் சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகள் வந்து சேரும் இடத்தில் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். அதற்குப் பேர்தான் புஷ். அது நைந்து கூழாகிப் போயிருந்தது. மோட்டார் இன்ஸ்பெக்டர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவர், இறங்கி வேட்டு வைத்தார்.

"இது காரா, கள்ளு குடிச்ச மாடா? பத்து நாள் டைம். சரி பண்ணிகினு வா, இல்லேன்னா பர்மிட்டை மறந்துடு."

மெட்ராஸ் கடைக்காரனோ, "கப்பல்ல வரணும் பாய், மூணு மாசம் ஆவும்" என்று கையை விரித்துவிட்டான்.

லேத்துப் பட்டறை சாலமோன்தான், "கவலைப்படாதே, பித்தளையில கடைஞ்சு போட்டுடலாம்" என்றான். போட்டான். ஆகா! நினைத்த மாத்திரத்தில் வண்டி திரும்பியது. ஆனால் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் இடுப்பு வழியாக ஏறி மண்டையில் வந்து இடித்தது. திருக்கழுக்குன்றம் முனையில் ஒரு கும்பகோணத்துப் பெரியவரின் பல் செட்டே கழன்று மடியில் விழுந்தது. நாலாம் நாள் பித்தளையும் தேய்ந்து கடகடவென்று பேச ஆரம்பித்தது. கெடுவுக்கு ஆறு நாள்தான் மிச்சம்.

அன்றைக்குக் கோயில் பார்க்க வந்தவர்களை இறக்கிவிட்டு, கடற்கரைக் குப்பத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். "யா அல்லா! புஷ் போச்சே, புஷ் போச்சே!" என்று வாய்விட்டே புலம்பிவிட்டார்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் காதில் அது விழுந்தது. அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தையே அது ஒன்றுதான். தொரைமார் கார் மணலில் மாட்டும்போதெல்லாம் "புஷ்! புஷ்!" என்று கத்துவார்கள், இவர்கள் போய்த் தள்ளுவார்கள். எட்டுப் பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். "ஐலசா!" நூர்முகமது எகிறிக் குதிக்காவிட்டால் சக்கரம் காலில் ஏறியிருக்கும். வண்டி போய் முட்டளவு மணலில் இறங்கி நின்றது.

"அடப்பாவிங்களா! செவனேன்னு நின்னுகினு இருந்த வண்டிய ஏன்யா தள்னீங்க?"

"இன்னா பாய், நீதானே புஷ்ஷுன்னே?" என்றான் முன்னால் நின்ற மாயவன்.

ஒரு நிமிஷம் முறைத்தவர், அப்புறம் மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. என்ன புஷ், ஏது கெடு, எல்லாம் சொன்னார்.

மாயவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். "இரும்புக்கு இரும்பா வச்சா தாங்குமா? எங்க மசுலாப் படகுல ஒரு ஆணி கெடையாது பாய். பலகையக் கயித்தாலதான் தைக்கிறோம். ஆணி அடிச்சா மொத அலையிலயே தெறிச்சுடும். ஆடணும், ஆனா அவுந்துடக் கூடாது."

அவன் பெண்சாதி வச்சலா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த கறுப்புக் கட்டையை உருட்டிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள். கப்பல் துறையில் இடிபடாமல் இருக்க விலாவில் தொங்கவிடுகிற ரப்பர் அது. யுத்த காலத்தில் கரை ஒதுங்கியது.

"இது ஆவுமா பாரு அண்ணாத்த."

அழுத்திப் பார்த்தார். கெட்டி ரப்பர். "நீ எதும்மேல குந்துவே தங்கச்சி?"

"மண்ணு இல்லியா? ஊரு பூரா மண்ணுதானே கீது."

எட்டுப் பேரும் மறுபடி "ஐலசா" போட்டு வண்டியை மேலே ஏற்றினார்கள். சாலமோன் அந்த ரப்பரை வளையம் வளையமாகக் குடைந்து, சோப்புத் தண்ணி தடவி நெருக்கி ஏற்றினான்.

பத்தாம் நாள் இன்ஸ்பெக்டரே ஓட்டினார். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினார், குடத்து நீர்கூடத் தளும்பியிருக்காது. வளைவில் விரல் நுனியால் தொட்டார், சட்டென்று திரும்பியது.

"எந்தக் கடையில வாங்குனே?"

"வச்சலா கடை சார், மாபலிபுரம். கப்பல்ல வந்த சரக்கு."

அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பர்மிட் கிடைத்தது. அன்று அவர் பெண்சாதி ராபியா வீட்டில் எட்டுப் படி அரிசி போட்டு ஆக்கினாள். சோற்று அண்டாவை ஏற்றிக்கொண்டு நூர்முகமது நேராகக் குப்பத்துக்குப் போனார். "புஷ் பாய் வந்துட்டாரு டோய்!" என்று குப்பமே ஓடிவந்தது. வச்சலா மட்டும் எழுந்து வரவில்லை. வெறும் ஈர மணலில் குந்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவர் அவள் கூடையை எடுத்து வண்டியின் முன்னால் வைத்தார்.

அதிலிருந்து வச்சலா மீன் கூடையைச் சுமந்து திருக்கழுக்குன்றம் சந்தைக்கு நடந்ததே இல்லை. சவாரி திரும்பும்போது டாக்ஸியின் முன் சீட்டில்தான் போவாள். மூக்கைப் பிடிக்கிறவர்களிடம், "முன்னால இருக்கற புஷ் அந்தம்மாவோடது. முன் சீட்டும் அந்தம்மாவோடதுதான். இஷ்டம்னா ஏறு, இல்லாட்டி நட" என்பார் பாய். வண்டியெல்லாம் மீன் நாற்றம் என்று ராபியா கேலி செய்தால், "போடி, அது நம்ம வூட்டுச் சோத்து வாசனை" என்பார்.

ஒருநாள் மாபலிபுரத்தில் அந்த இன்ஸ்பெக்டரே சவாரிக்கு வந்து முன் கதவைத் திறந்தார். உள்ளே வச்சலா, மடியில் கூடை. அவள் பதறி எழப் போனாள்.

"நீ குந்து தங்கச்சி" என்றார் நூர்முகமது. "சார், வச்சலா கடைன்னு நோட்டுல எழுதிகினீங்களே, இதான் சார் அந்தக் கடை. இவங்க குந்திகினு இருந்தத எடுத்துத்தான் என் வண்டிக்குக் குடுத்தாங்க."

இன்ஸ்பெக்டர் முன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார்.