சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

எண்பத்தாறாம் வருஷமோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. ஆனால் அந்த வருஷத்து ஆயுத பூசை மட்டும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் எங்கள் வீடு. வாசலில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கப் பாறைதான். யாரோ கூடையில் அள்ளி வந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தெருவில் யாராவது உரக்கக் கூப்பிட்டால் பாறையும் ஒரு தரம் கூப்பிடும். அது எங்களுக்குப் பழகிப்போன சத்தம்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு பிக்கப் வண்டி வாங்கி வந்தார். லாரி அளவுக்குப் பெரிசும் இல்லை, ஜீப் மாதிரிச் சின்னதும் இல்லை. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டியில் மல்லாட்டை மூட்டை அடுக்கலாம். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். வண்டி பழசு. அதற்கே எங்களுக்கு இருந்த ஒரே நிலமான மேட்டுக்கொல்லையை விற்கும்படி ஆயிற்று. இனிமேல் வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலைமை.

அவருக்கு வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "நாலு சிலிண்டர் இஞ்சினு" என்பார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"நாலு சிலிண்டருன்னா இன்னாங்க?"

"நாலு பொம்பளைங்க ஒரே ஒரல்ல மாத்தி மாத்தி ஒலக்கை போடறதப் பாத்திருக்க இல்ல? அது மாதிரி. ஒருத்தி கை தப்புனா நாலு பேர் கையும் போச்சு."

அதற்குப் பிறகு வண்டி ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு உலக்கைச் சத்தமாகத்தான் காதில் விழும்.

வண்டி வந்த கொஞ்ச நாளில் எதிர்வீட்டு அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டார். "ஏன்டி, அந்த வண்டி யார்துன்னு கேட்டியா நீ? தொண்டூர்ப் பக்கத்து ஆளுது. ஸ்டேரிங்கப் புடிச்சிக்கினே செத்தவன். புளியமரத்தடியில அவன் தல சாஞ்சி கெடக்க, நின்ன எடத்துலயே இஞ்சினு பாட்டுக்கு ஓடிக்கினே இருந்துச்சாம். போறவன் வர்றவன்லாம் தூங்கறான்னு நெனச்சிக்கினு போயிட்டான். டீசல் தீர்ந்தப்பறம்தான் நின்னுச்சாம்."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஆமா, மாரடைப்பு வந்து செத்தாரு. அதுக்கு வண்டி இன்னா பண்ணும்? அதனாலதான் நம்ம கைக்கு எட்டுற வெலையில வந்துது" என்று கைகழுவ எழுந்து போய்விட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. வண்டிக்கு வாடகை கிடைக்காத நாட்களில், பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நானும் அந்த வண்டியும்தான் தனியாக இருப்போம். வேப்பமரத்து நிழலில் நிற்கும். நிழல் நகர்ந்து வெயில் ஏறினால் சீட்டிலிருந்து பீடி நாற்றம் வரும். எங்கள் வீட்டில் யாரும் பீடி குடிக்கிறவர்கள் இல்லை. வண்டியை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் இஞ்சினை மூடியிருக்கிற முன்மூடிக்குள் டிக், டிக் என்று யாரோ நகத்தால் தட்டுவார்கள். ஒரு மழைநாள் பிற்பகலில், பக்கத்தில் ஆள் யாரும் இல்லாதபோது ஹாரன் தானாக அடித்தது. நீளமாக, விடாமல். எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரரிடம் பதில் இருந்தது. சீட்டுக்குள் பழைய நாற்றம் ஊறியிருக்கிறது, இரும்பு ஆறுகிறது, ஒயரில் தண்ணீர் இறங்கிவிட்டது. நான் தலையை ஆட்டுவேன். ஆனால் வண்டியைத் தொடமாட்டேன். குடத்தோடு போகும்போதுகூடக் கொஞ்சம் தள்ளிச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு எதுவும் குறையாக இருக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், அரிசித் தவலை, உப்புச் சாடி, விளக்கு எண்ணெய் எல்லாம் விளிம்பு தட்ட நிறைந்திருக்க வேண்டும். வண்டியைக் கழுவித் துடைக்கிற வேலையைக் கொழுந்தனார் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரரின் தம்பி. வண்டிக்கு அவரும் புதுசு. விடியற்காலையிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். இஞ்சின் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு முன்மூடிக்குள் குனிந்திருந்தபோது, "அண்ணி, இன்னிக்கு நம்ம வூட்டுல எல்லாத்துக்கும் வயிறு நெறயணும்" என்று சிரித்தார்.

எங்கள் தெரு சரிவான தெரு. சரிவு முடிகிற இடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு இருந்தது. வண்டியின் கைபிரேக் பிடிக்காது என்பதால் எப்போதும் சக்கரத்துக்குக் கீழே கல் வைத்திருப்பார்கள். பூசைக்காக அந்தக் கல்லை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி கிணற்றுப் பக்கம் பார்த்து நின்றது. வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்காகத் தெருப் பிள்ளைகள் பின்னால் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஓடுகிற இஞ்சினுக்குத்தான் கற்பூரம் காட்டவேண்டும் என்று முன்மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், மூடி விளிம்பில் சாமந்தி மாலை. அவர் வண்டியைக் கிளப்பினார். உலக்கைச் சத்தம் ஒழுங்காக விழுந்தது. கொழுந்தனார் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டே, "அண்ணா, நல்லா அழுத்திக் குடு! மலைக்கோயில் வரைக்கும் கேக்கட்டும்!" என்றார்.

அவர் அழுத்தினார். வண்டி உறுமியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் காலை எடுத்தார்.

உறுமல் குறையவில்லை.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் விளையாடுகிறார் என்று நினைத்தோம். அவர் குனிந்து, இஞ்சினை நிறுத்துகிற குமிழை இழுத்தார். சத்தம் இன்னும் ஏறியது. சாவியைத் திருகி உருவி எடுத்து, கண்ணாடிக்கு வெளியே நீட்டிக் காட்டினார். "சாவி கையில இருக்குதுடா! நிக்க மாட்டேங்குது!"

பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. வாசல், வேப்பமரம், எதிர்வீடு எல்லாம் அதற்குள் மறைந்தன. "புள்ளைங்கள எறக்குங்க மொதல்ல!" என்று அவர் கத்தினது மட்டும் கேட்டது. ஆம்பளைகள் ஓடிப் பிள்ளைகளைத் தூக்கி வெளியே விட்டார்கள். சத்தமோ ஏறிக்கொண்டே போனது. உலக்கைகள் எண்ணிக்கை தப்பி ஒன்றாகி, ஒரே அலறலாக ஆகிவிட்டது. அதைவிடக் கொடுமை, எதிரே பாறைக்குள்ளிருந்தும் அதே அலறல் வந்தது. அங்கே இன்னொரு வண்டி நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்கிற மாதிரி. பழகின பாறைதான், தெரியும். தெரிந்தும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அவன்தான்டி! அவன்தான் வந்துட்டான்! அன்னிக்கும் இப்புடித்தான் ஆளு இல்லாம ஓடுச்சாம்!"

அதற்குப் பிறகு யாரும் கிட்டே நிற்கவில்லை. ஒருவர் தூர இருந்து வேப்பிலையை வீசினார். இன்னொருவர் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை இஞ்சின் மேல் கொட்டிவிட்டு ஓடினார். சுர்ரென்று ஆவி எழுந்தது, அவ்வளவுதான். "கியரப் போடு, நின்னுடும்!" என்று ஒரு குரல். "போடாத, கெணத்துல பாஞ்சிடும்!" என்று இன்னொரு குரல். கொழுந்தனார் மட்டும் ஒரு கல்லை உருட்டி வந்து சக்கரத்தடியில் வைத்தார். வண்டி நடுங்கின நடுக்கத்தில் கல் நழுவி வெளியே வந்துவிட்டது. "வெடிச்சிடும்ணா, எறங்கிடு!" என்று அழுதார்.

"எறங்கினா வண்டி கெணத்துலடா! வுட்டுட்டு எதத் தின்றது?"

புகைக்குள் அவர் முகம் தெரிந்தது, மறைந்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்டேரிங்கைப் பிடித்தபடி, தலை ஒரு பக்கம் சாய உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்ன அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்போது பார்த்தேன்.

நான் எப்போதும் கூட்டத்தில் முன்னால் நிற்கிறவள் இல்லை. கல்யாண வீட்டில்கூடத் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். அன்றைக்கும் சுவரோடு ஒட்டித்தான் நின்றிருந்தேன். அப்போதுதான் அந்தச் சாமந்தி மாலை கண்ணில் பட்டது. காற்றில் ஆடவில்லை அது. ஒரே பக்கமாக விறைத்து நீண்டிருந்தது. இதழ் இதழாகப் பிய்ந்து, இஞ்சினுக்குப் பக்கத்தில் தூக்குப்போணி மாதிரி இருந்த ஒன்றின் குழாய் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இது மூச்சு இழுக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தட்டைப் போட்டு மூடவேண்டும். பலகாரம் சுடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மூச்சு இல்லாவிட்டால் எதுவும் எரியாது. வண்டி கழுவின சாக்கு அண்டாத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்து நாலாய் மடித்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். யாரோ "ஏய், ஏய், அவளப் புடிங்க" என்றார்கள். அதற்குள் போய்விட்டேன்.

கிட்டே போனதும் சூடு முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் விசிறி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியது. அந்தப் பக்கம் போகாமல், சாக்கைக் குழாய் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். அழுத்தினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதுதான் பிடித்துக்கொண்டது. ஈரச் சாக்கு என் கைக்குக் கீழே கல் மாதிரி இறுகிக் குழிந்தது. சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று என் உள்ளங்கையை இழுத்தது. விட்டது, மறுபடியும் இழுத்தது. வண்டி முழுக்க உதறியது. அலறல் உடைந்தது. உலக்கை ஒவ்வொன்றாகத் தனித்தனியே விழ ஆரம்பித்தது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. கடைசியாக ஒரு பெரிய இழுப்பு. அப்புறம் ஒன்றும் இல்லை.

எங்கள் வண்டி நின்ற பிறகும் பாறைக்குள் அந்தச் சத்தம் கொஞ்சம் இருந்தது. அதுவும் அடங்கியது.

கொழுந்தனார் ஓடிவந்து சக்கரங்களுக்கு அடியில் கல்லை வைத்தார். "எறங்குண்ணா" என்றார். அவர் இறங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "காலு வரல." பிரேக்கை மிதித்த கால்கள் அப்படியே விறைத்துப்போயிருந்தன. நான் கதவைத் திறந்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கால் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி எடுத்து வெளியே வைத்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிற்பகலில் செஞ்சியிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். அந்தத் தூக்குப்போணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல யாருப்பா இவ்ளோ எண்ணெய ஊத்துனது?" என்று கேட்டார். இஞ்சினுக்குள் போகிற காற்றிலிருந்து தூசியைப் பிடிக்கிற சட்டியாம் அது. அடியில் கொஞ்சம் எண்ணெய் நின்றால் போதுமாம்.

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "பூச நாளாச்சே பாய். எதுவும் கொறையா இருக்கக் கூடாதுன்னு கழுத்து வரைக்கும் ஊத்துனேன்."

"தம்பி, சாமிக்கு நெறகொடம் வைக்கலாம். இதுக்கு வெச்சா குடிச்சிட்டுத்தான் ஆடும்" என்று பாய் சிரித்தார். "அழுத்தனப்போ அந்த எண்ணெய உள்ள இழுத்துக்கிச்சு. அப்பறம் அதுக்குச் சாவியும் வேணாம், டீசலும் வேணாம். எண்ணெயும் காத்தும் இருக்கற வரைக்கும் ஓடும். வெடிச்சிருக்கும். ஆமா, காத்த அடச்சது யாரு?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். "வெறுங்கையால பொத்தியிருந்தா கை போயிருக்கும்மா" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது.

ஊரில் பாய் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்தவனை நான் அடக்கிவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து, "என் மருமவ உண்டாவாளா, பாத்துச் சொல்லுடி" என்று உட்கார்ந்துவிட்டார். அது எண்ணெய் செய்த வேலை அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். "சக்தி இருக்கறவங்க இல்லன்னுதான் சொல்லுவாங்க" என்றார். அவரை எழுப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாய் இஞ்சினைப் பிரித்துச் சரி செய்து கொடுத்தார். அதே வண்டிதான் பிறகு வெகுகாலம் எங்களுக்குச் சோறு போட்டது. நானும் பயமில்லாமல் அதில் ஏறிச் சந்தைக்குப் போய் வந்தேன். இப்போது அவரும் இல்லை, வண்டியும் இல்லை. புருஷனைக் காப்பாற்றினவள் என்று பிள்ளைகள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள், அது நிஜம்தான். ஆனால் எனக்குள் நிற்பது என்னவோ, மூச்சுக்குத் தவித்த ஒன்றை இந்த இரண்டு கையாலும் பொத்தி அடக்கினேன் என்பதும், ஓர் உயிரைக் காப்பாற்றுகிறபோதும் கைக்கு அது ஓர் உயிரை எடுக்கிற மாதிரியேதான் இருந்தது என்பதும்தான்.