மூணு பேஸ் தம்பிதுரைக்குக் காப்புக் கட்டிய கதை

தம்பிதுரை மேடை ஏறினால் என் ஸ்பீக்கருக்கு ஆயுசு குறையும். இருபது வருடத்தில் அந்த மனிதர் எத்தனை ஸ்பீக்கரின் தொண்டையைக் கிழித்திருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் நாகூர் மீரான்; கோயம்புத்தூர் உக்கடத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் செட் போட்டிருக்கிறேன். கட்சிக்காரர்கள்கூட ஒரு பாக்ஸை இப்படிப் பாடாய்ப் படுத்தியதில்லை. ஆனாலும் ‘மூணு பேஸ்’ என்கிற அவருடைய குழுவின் கச்சேரி என்றால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். பிடித்துத் தொலைத்துவிட்டது, என்ன செய்ய?

மனிதரை நேரில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வரும் விவசாயியை முதலில் உட்கார வைப்பார், டீ வாங்கிக் கொடுப்பார், பிறகுதான் மோட்டாரைத் திறப்பார். மோட்டாருக்கும் மரியாதைதான். “இவுரு தண்ணி குடிச்சுப்போட்டாருங்க” என்பார். பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாயிடம், “கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி” என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். இதே ஆள் கழுத்தில் கிதாரை மாட்டினால் போதும், பேய் பிடித்த மாதிரி ஆகிவிடுவார். நரம்பு புடைக்கக் கத்துவார், குதிப்பார், மைக்கை உதைப்பார். கச்சேரி முடிந்ததும் வந்து, உதைத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.

எல்லாம் எழுபத்தேழில் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஆரம்பித்தது. ஆர்.எஸ்.புரத்து மில் குடும்பத்துப் பிள்ளை சசிதர் அவருக்கு அறைத் தோழன். சசிதரின் ஒன்றுவிட்ட அண்ணன் லண்டனிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். நாலு பேர் சேர்ந்து தகரக் கொட்டகையைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். பங்க் ராக் என்று பெயராம். ஹாஸ்டலே காதைப் பொத்திக்கொண்டது. பவானிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிக்க வந்த தம்பிதுரை மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, இதற்கு சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறதே, அப்படியானால் நம்மாலும் முடியும் என்றாராம். சசிதர் பேஸ் கிதார் வாங்கினார். டிரம்முக்கு ஆள் தேடியபோது, ஹாஸ்டல் மெஸ்ஸில் அண்டா கழுவிக்கொண்டே அதில் தாளம் போட்டுக்கொண்டிருந்த காளிச்சாமி கிடைத்தான்.

குழுவுக்குப் பெயர் வைத்ததும் தம்பிதுரைதான். எங்கள் பக்கத்தில் விவசாயியைக் கேட்டால் சொல்வார்: கரண்டில் ஒரு பேஸ் வந்தால் வீட்டில் விளக்கு எரியும், அவ்வளவுதான். மூணு பேஸும் சேர்ந்து வந்தால்தான் கிணற்றில் மோட்டார் ஓடும். இவர்களும் மூன்று பேர்.

முதல் கச்சேரி ஹாஸ்டல் தின விழாவில். இரண்டாவது பாட்டிலேயே வார்டன் மெயினை அணைத்துவிட்டார். தம்பிதுரை நிறுத்தவில்லை. இருட்டுக்குள் நின்றுகொண்டு, வார்டன் என்கிற மரியாதையும் குறையாமல், “கரண்டு எங்கீங்க? கரண்டு எங்கீங்க? கம்பி இருக்குது, கரண்டு எங்கீங்க?” என்று கத்த ஆரம்பித்தார். ஹாஸ்டல் முழுக்கக் கூடக் கத்தியது. அதுதான் அவர்களுடைய பேர்போன பாட்டு. லண்டன்காரன் ராணியைத் திட்டினால், எங்கள் ஆள் மின்வாரியத்தையும் டவுன் பஸ்ஸையும் மெஸ் சாம்பாரையும் திட்டினார், எல்லாவற்றையும் ‘ங்க’ போட்டு. ஒரு பாட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அடுத்து எது என்று மூவரும் சண்டை போடுவது மட்டும் ஐந்து நிமிடம் ஓடும்.

படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, தலையில் வழுக்கை விழுந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. நடுவில் ஒரு கேசட் போட்டார்கள். ஸ்டுடியோக்காரர் குதிக்காமல் பாடச் சொல்ல, தம்பிதுரையும் மரியாதையாகக் குதிக்காமல் பாடிக் கொடுத்தார். கேட்கச் சகிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் இலையைப் படத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்தக் கேசட்டை யாரும் வாங்கவில்லை, ஆனால் கச்சேரி என்று போர்டு வைத்தால் கூட்டம் அலைமோதும். மில் தொழிலாளி, லேத் பட்டறைப் பையன்கள், காலேஜ் பெண்கள், அவர்களைக் கூட்டிப்போக வந்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நிற்கும் அப்பாக்கள் என்று எல்லாரும் வருவார்கள்.

தொண்ணூற்றேழு பங்குனியில், இருபதாவது வருடக் கச்சேரிக்குக் கோவையில் ஒரு அரங்கம் பிடித்திருந்தோம். அப்போதுதான் சசிதர் குண்டைத் தூக்கிப் போட்டார். தாராபுரத்தில் குடும்பம் புது மில் கட்டியிருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து அவர் அங்கே போகிறார், ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிதான் தனக்குக் கடைசி என்றார். மில் வெறும் சாக்கு என்று எனக்குத் தெரியும். தாராபுரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? விடாமல் குடைந்தேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது.

“பாய், நாப்பது வயசாச்சுங்க. நாங்க குதிக்கறதைப் பாத்து ஜனங்க ரசிக்கறாங்களா, சிரிக்கறாங்களான்னே எனக்குத் தெரியலீங்க.”

சசிதர் போனால் மூணு பேஸ் இல்லை; வேறு ஆளைச் சேர்க்கத் தம்பிதுரை சம்மதிக்கவே மாட்டார். அவர் சசிதரோடு வாதாடவில்லை, அது அவர் சுபாவமும் இல்லை. அந்த ஒரு கச்சேரியில் கூட்டத்தைப் பார்த்தால் சசி மனம் மாறிவிடுவான் என்று நம்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் அவர் மலைபோல் நம்பியிருந்தார். அந்த வாரம்தான் இந்தக் கூத்து நடந்தது.

பவானியைத் தாண்டி ஓடக்காட்டுப்பாளையம் என்று அவருடைய ஊர். வருடா வருடம் அங்கே மாரியம்மன் திருவிழா; எங்கள் பக்கத்தில் நோம்பி என்போம். அவர்கள் வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை பூவோடு எடுக்க வேண்டும், அதாவது வேண்டுதலாக நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திப் போக வேண்டும். வழக்கமாகப் பங்குனிக் கடைசியில்தான் நோம்பி வரும். அந்த வருடம் அம்மன் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டதில், முன்கூட்டியே பூ விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நோம்பி சாட்டித் தொடங்குகிறார்கள் என்று தகவல் வந்ததும் தம்பிதுரை பட்டறையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். பூசாரி கையில் மஞ்சள் காப்பையும் கட்டிவிட்டார். கட்டி முடித்துத் தீர்த்தம் குடிக்கும்போதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்திருக்கிறது.

கொங்கு நாட்டில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்புக் கட்டினால், பொங்கல் வைத்து அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பொங்கல் அடுத்த வாரம் புதன்கிழமை. பால் சொசைட்டி போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டார்.

“பாய், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. எனக்குக் காப்புக் கட்டிப்போட்டாங்க.”

எனக்கு வந்த கோபத்தில் போனை உடைத்திருப்பேன். ஆனால் அவர் குரல் உடைந்திருந்தது. காப்பை அறுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அவர் வர மாட்டார். சசிதரிடம் போய்ச் சொன்னேன். மனிதர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். நல்லதாய்ப் போயிற்று, இதோடு விட்டுவிடலாம் என்றார். அந்த நிம்மதிதான் என்னை உசுப்பிவிட்டது. தம்பிதுரை வர முடியாவிட்டால் கச்சேரி அவரிடம் போகட்டும், செட்டை நான் கொண்டுவருகிறேன் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அரங்கத்து வாசலில், கச்சேரி ஓடக்காட்டுப்பாளையம் மாரியம்மன் கோயிலில் நடக்கும் என்று தட்டி எழுதி வைத்தோம். காளிச்சாமி அன்றைக்கே டிரம்மை வேனில் ஏற்றிவிட்டான். கடைசிக் கச்சேரிதானே என்று சசிதரும் அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

கோயில் தர்மகர்த்தா செங்கோடன், எழுபது தாண்டியவர். சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற நேரத்தில் பாடிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். கோயில் முன்னால் மூன்று கிளை கொண்ட மரத்தை நட்டு வைத்திருப்பார்கள், அதுதான் கம்பம். காலையில் பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், சாயங்காலம் ஆண்கள் தப்பட்டை அடிக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். லண்டன் சத்தத்தை அந்தக் கம்பத்தோடு சேர்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதைதான். செங்கோடன் இரண்டு நிபந்தனை வைத்தார். யாரும் செருப்புப் போடக் கூடாது என்பது ஒன்று. அடுத்தது அதைவிடப் பெரியது.

“ஆட ஆரம்பிச்சா நடுவுல நிக்கக் கூடாதுங்க. சாமிக்குக் கற்பூரம் காட்டற வரைக்கும் அடி நிக்கப்படாது.”

இரண்டு நிமிடப் பாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கோ வேறு கவலை. காலையில் ஊற்றிய தண்ணீரில் தரை சொதசொதவென்று இருந்தது. வெறுங்காலோடு மின்சாரக் கிதார். மரப் பலகை, தார்ப்பாய், ரப்பர் ஷீட் எல்லாவற்றையும் பரப்பி, மூன்று பேரையும் அதன் மேல் நிற்க வைத்து, பலகையை விட்டு இறங்கினால் நானே கொன்றுவிடுவேன் என்று மிரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ ஆரம்பித்ததும் பவானியிலிருந்து டவுன் பஸ்ஸில் படியெல்லாம் தொங்கிக்கொண்டு கோவைக் கூட்டம் வந்து இறங்கியது. இரண்டு லாரி வேறு. ஊர்க்காரர்கள் அவர்களுக்குப் பானகம் கொடுத்துவிட்டு, முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறினார்.

முதல் பாட்டு எடுபடவில்லை. தப்பட்டை ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். ஆட வந்தவர்கள் எந்த அடிக்குக் கால் வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். சசிதர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று இருந்தது. காளிச்சாமி பொள்ளாச்சிப் பக்கம், சின்ன வயதில் ஊர் நோம்பியில் தப்பட்டை அடித்தவன். அவன் தன் அடியை விட்டுவிட்டு, தப்பட்டையின் அடியை டிரம்மில் பிடித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றினான். தப்பட்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கூட ஏறினார்கள். தம்பிதுரை கண்ணை மூடிக்கொண்டு, “கரண்டு எங்கீங்க?” என்று ஒரு கத்துக் கத்தினார்.

பொழுதுக்கும் மோட்டார் ஓடாமல் வயிறெரிந்த ஊர் அது. ஒரே குரலாய், “கரண்டு எங்கீங்க?” என்று திருப்பிக் கத்தியது. வளையம் சுற்ற ஆரம்பித்தது. லேத் பட்டறைப் பையன்கள் குதித்தார்கள், ஊர்க்காரர்கள் அடி வைத்து ஆடினார்கள், பாதிச் சுற்றில் இவர்கள் அதையும் அவர்கள் இதையும் பழகிக்கொண்டார்கள். நிறுத்தக் கூடாதே, அதனால் அடுத்து எது என்று சண்டை போட வழியில்லை. இருந்த பாட்டெல்லாம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து பாடி, அதுவும் தீர்ந்து மூன்றாவது சுற்றும் வந்தார்கள். இருபது வருடத்தில் அவர்கள் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. என் ஸ்பீக்கர் ஒன்று கிழிந்தது. கிழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கற்பூரம் காட்டினார்கள், அடி நின்றது. சசிதர் சட்டை பிழியப் பிழிய நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரில் சலங்கை கட்டிய காலோடு நின்ற செங்கோடனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழவர் முதல் சுற்றிலிருந்து வளையத்தை விட்டு வெளியே வரவில்லை.

“இந்த வயசுல குதிக்கறீங்களே, யாரும் சிரிக்க மாட்டாங்களாங்க?” என்று கேட்டார் சசிதர்.

செங்கோடனுக்குக் கேள்வியே புரியவில்லை. சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆடாம உக்காந்தாத்தானுங்க கேப்பாங்க, ஒடம்புக்கு என்னாச்சுன்னு.”

சசிதரும் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் இன்னும் கலையாமல், ஊர்க்காரர், கோவைக்காரர் என்ற வித்தியாசம் தெரியாமல், ஊர்ப் பெண்கள் ஊற்றிய மஞ்சள் தண்ணீரில் நனைந்து நின்றது. பிறகு அவர் பேஸ் கிதாரைத் தோளில் சரியாக இழுத்து விட்டுக்கொண்டு, தம்பிதுரையை மெல்ல விலக்கிவிட்டு, மைக் முன்னால் வந்தார்.

“தாராபுரத்துல எங்க மில்லு திறப்பு விழா சித்திரையில வருதுங்க. அன்னைக்கு மூணு பேஸ் கச்சேரி உண்டுங்க. அதுக்கடுத்த வருசமும் உண்டுங்க. எல்லாரும் வந்துருங்க.”

தம்பிதுரை அழுதுவிட்டார். மறைக்கவெல்லாம் இல்லை, பச்சைப் பிள்ளை மாதிரி நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. கூட்டம் இன்னொரு பாட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. தம்பிதுரையோ கிதாரைத் தொடவே மறந்துவிட்டார். காளிச்சாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குச்சியை நாலு தட்டுத் தட்டி அவனே ஆரம்பித்துவிட்டான்.