ராணிக்கு மட்டும் வெளி சம்பந்தம்

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய தோப்பில் தேன் வாங்க நிற்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தோப்புக்காரர் தேனைத் தருகிற வழியாகக் காணோம். தேனீப் பெட்டியைத் திறந்து காட்டிப் பெருமைப்படுகிறார். மருந்தே அடிப்பதில்லையாம். போன வருஷ நோயில் தப்பிய கூட்டங்களிலிருந்து மட்டும்தான் ராணி வளர்க்கிறாராம்.

“ராணிய வெளிய பறக்க வுட்ருவேன் சார். ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற வேற கூட்டத்து ஆண் ஈயோட சேர்ந்துட்டு வரணும். ஒரே கூட்டுக்குள்ள சேர்ந்தா இன்னா ஆவும்? பாதி புழு தேறாது. வம்சமே நோஞ்சானா பூடும்.”

கைப்பேசி அடிக்கிறது. அவருடைய அக்காவாம். குரல் குழைகிறது.

“வெளிய எவனுக்கோ குடுப்பனாக்கா? என் பொண்ணு ஒம் மவனுக்குத்தான். சொந்தம் வுட்டுப் போவக் கூடாது.”

பேசி முடித்தவர் அந்த மகளையே கூப்பிட்டு எனக்குத் தேன் ஊற்றச் சொல்கிறார். பாட்டிலில் புனலை வைத்தபடி, தலை நிமிராமல் அவள் கேட்கிறாள்:

“ஏம்பா, ஈ வம்சம் மட்டும்தான் நல்லா இருக்கணுமா?”

அவர் அவசரமாகப் பெட்டியை மூடுகிறார். ராணிக்கு வெயில் ஆகாதாம்.