ரோட்டில் இருக்கிறான் முரளி

போன மாதம் லீவில், ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் நகரிக்குப் போயிருந்தேன். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. எதிர்வீட்டு சரசு அத்தை போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பாப்பா, இத்த கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு. எனக்குச் சரியாத் தெரில."

பெருசு பண்ணினேன். திருப்பதி பைபாஸில் டிராபிக் கேமரா எடுத்த போட்டோ. ஆரஞ்சு கலர் பைக். முன்சக்கரம் அந்தரத்தில், பின்சக்கரம் மட்டும் தரையில். ஓட்டுகிறவனின் முதுகு தெரிகிறது. தலையில் ஹெல்மெட் இல்லை. கீழே தெலுங்கில் ஒரு வரி — ஆபத்தான முறையில் வண்டி ஓட்டியதற்கு அபராதம். நம்பர் பிளேட் பளிச்சென்று இருந்தது.

முரளியின் நம்பர்.

முரளி, சரசு அத்தையின் ஒரே மகன். என் தம்பி தீபுவுக்குச் சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. போன வருஷம் அதே பைபாஸில், அதே மாதிரி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்... போய்விட்டான்.

போட்டோவில் இருந்த தேதி, நான் ஊருக்கு வந்ததற்கு முந்தின நாள்.

"இது மட்டும் இல்ல, நெறைய வந்துச்சு. எல்லாத்தியும் வச்சிக்கினு கீறேன்" என்றாள் அத்தை. அழவில்லை. பிள்ளையின் பரீட்சை ரிசல்ட்டைக் காட்டுகிற அம்மா மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.



இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். பெங்களூரில், ரோட்டோரக் கேமராக்களுக்கு நம்பர் பிளேட் படிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. எனக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். எழுதினேன்.

ஒன்று — கேமரா நம்பரைத் தப்பாகப் படித்திருக்கிறது. இல்லை. நானே என் கண்ணால் படித்தேன்.

இரண்டு — பழைய போட்டோ இப்போது தாமதமாக வந்திருக்கிறது. இல்லை. பின்னால் தெரிகிற மேம்பாலத் தூண், முரளி இருந்தவரை கட்டப்படவே இல்லை.

மூன்று — முரளியின் வண்டியை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

மூன்றாவதைச் சரிபார்க்க, மறுநாள் திருப்பதி போனேன்.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போலீஸ் ஸ்டேஷன் பின்னால் நிறுத்தி வைத்திருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? நிறுத்துவது என்ன... கொட்டி வைப்பது. அந்தக் குவியலில் முரளியின் பைக்கைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. முன்சக்கரம் நசுங்கி, ஆரஞ்சு வெளுத்து, சைலன்ஸருக்குள் ஏதோ ஒரு கொடி நுழைந்து சீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை. ஓட்டவும் முடியாது.

மூன்றாவதையும் அடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பினேன். அப்போதுதான் பின்பக்கம் பார்த்தேன். வண்டி முழுக்க ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி ஒரு நீளச் சதுரம்.

பிளேட் இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது எங்கள் தெருவில் கரண்ட் கட். நகரியில் கரண்ட் போனால் இருட்டைவிட அமைதிதான் பயமுறுத்தும். எல்லா வீட்டிலும் பவர்லூம் ஓடுகிற ஊர். நாளெல்லாம் தடக் தடக்கென்று கேட்கிற காதுக்கு, அது சட்டென்று நின்றதும் ஏதோ நடக்கப் போகிற மாதிரி இருக்கும். அத்தை வீட்டிலும் தறி நின்றிருந்தது. வாசலில் ஒரு போலீஸ் பைக்.

ஹெட் கான்ஸ்டபிள், சித்தூர்க்காரர். அபராதம் சேர்ந்துகொண்டே போனதால் ஆளைத் தேடி வந்திருக்கிறார்.

"மீ அப்பாயி எக்கட?" என்று கேட்டார். உங்கள் பையன் எங்கே?

அத்தை யோசிக்கவே இல்லை. "ரோட்லோ உன்னாடு சார்."

ரோட்டில் இருக்கிறான்.

அவர் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் தலைக்கு மேலே, சுவரில், மாலை போட்ட முரளி. குடிக்கத் தூக்கிய தண்ணீர்ச் சொம்பை அவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். தெலுங்கு போய்த் தமிழ் வந்தது.

"இன்னாம்மா இது? செத்தவன் வண்டிய எவன் ஓட்டிக்கினு கீறான்?"

"என் புள்ளதான் சார்."

"வெளாடாத. வண்டி உன் பேர்ல கீது, போன் நம்பர் உன்னுது. பிளேட்ட எவன்கிட்டயோ குடுத்துக்கீற. எஸ்.ஐ. சாருக்குக் கேமராவைவிட காணிப்பாக்கம் மேலதான் நம்பிக்கை. அங்க வந்து, ஓட்றது யாருன்னு தெரியாதுன்னு சத்தியம் பண்ணு. உன்ன உட்ருவாரு."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. கடன் தகராறு, வரப்புத் தகராறு, புருஷன் மேல் சந்தேகம்... எதுவானாலும் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் போய் நிற்பார்கள். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சத்தியம். பொய் சொன்னால் அந்தப் பிள்ளையார் விடமாட்டார் என்பது எங்கள் ஜில்லா முழுக்க நம்பிக்கை. கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவன்கூட அந்தக் குளத்துப் படியில் கால் வைக்க யோசிப்பான்.

"சத்தியம் பண்றேன் சார்" என்றாள் அத்தை. "ஆனா தெரியாதுன்னு இல்ல. ஓட்றது என் புள்ளதான்னு பண்றேன்."

கான்ஸ்டபிள், மறுநாள் காணிப்பாக்கம் வரச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். போகும்போது அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குவைத்தில் டிரைவராக இருக்கிற மாமா போனில் கெஞ்சினார். "பொய்ச் சத்தியம் வேணாம் சரசு. புள்ளயும் போயிட்டான், நீயும் போயிட்டா நான் யாருக்குச் சம்பாரிக்கறது?" அத்தை கேட்கவில்லை. "எது பொய்யி? நம்பரப் பாரு, அவன்துதானே?"

என் அம்மாவுக்கும் கை கால் ஓடவில்லை. மறுநாள் துணைக்கு என்னையும் தீபுவையும் அனுப்பினாள். தீபு முதல் நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. வேன் முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். அவனும் முரளியும் ஒரே ஷோரூமில், ஒரே கலரில் வண்டி எடுத்தவர்கள் என்பது எனக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. அவன் பைக்கை நான் வந்ததிலிருந்து பார்க்கவே இல்லை என்பதும்.

என் பட்டியலில் நான்காவது காரணம் தானாக எழுதிக்கொண்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் வேன் நின்றது. வழக்கம்போலக் கூட்டம். பூஜைக்கு வந்த புது வண்டிகள் வரிசையாக, டயர் அடியில் எலுமிச்சம்பழத்தோடு நின்றன. கான்ஸ்டபிள் குளத்தங்கரையில் காத்திருந்தார். அத்தை யாரையும் பார்க்காமல் படியிறங்கி, முழுகி, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தாள்.

தீபு குறுக்கே போய் நின்றான்.

"அத்தை, வேணாம். நான்தான்."

"நகருடா."

"நான்தான் அத்தை ஓட்னது! முரளி வண்டி ஸ்டேஷன்ல துரு புடிச்சிக் கெடந்துச்சு. பாக்க முடில. நம்பராவது ரோட்ல ஓடட்டும்னு பிளேட்டக் கழட்டி என் வண்டில மாட்னேன். படம் உன் போனுக்கு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அத்தை அவனையே பார்த்தாள்.

"தெரியும்டா."

தீபு ஒரு படி பின்னால் இறங்கினான்.

"முரளி உக்காந்தா வலது தோளு எறங்கும். உனக்கு எடது. மொத போட்டோவுலயே தெரிஞ்சிபோச்சி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அத்தை...?"

"உன்னச் சொன்னா புடிச்சி உள்ள வச்சிடுவாங்கோ. அப்புறம் போட்டோ வராதே."

படிக்கட்டில் அவ்வளவு ஜனம் இருந்தது. எனக்கு மட்டும் நகரியில் கரண்ட் போன மாதிரி எல்லாச் சத்தமும் நின்றுபோனது. இத்தனை நாளாக அத்தை ஆசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தது எதை? ஹெல்மெட் இல்லாமல், ஒற்றைச் சக்கரத்தில், அதே பைபாஸில்... என் தம்பியை. அடுத்த போட்டோவுக்காக அவள் காத்திருந்தாள். தெரிந்தே காத்திருந்தாள்.

அது அவளுக்கும் அந்த நொடியில்தான் உறைத்ததோ என்னவோ. ஈரக் கையால் தீபுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"இனிமே தூக்காதடா. உங்கம்மா செவுத்துல மாலை மாட்டக் கூடாது."

அத்தை சத்தியம் செய்யவில்லை. தீபு செய்தான். அவனே இறங்கி முழுகி, ஈரத்தோடு உள்ளே போய், இனி ரோட்டில் வண்டியைத் தூக்குவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அங்கிருந்து நேராக ஸ்டேஷன். கேஸ் எழுதினார்கள். நண்பன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த பைக்கை வாங்கிச் சங்கிலி போட்டார்கள். முரளியின் பிளேட்டைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோர்ட்டில் ஒப்படைக்கும்வரை அங்கேதான் இருக்குமாம். சாவி, காணிப்பாக்கத்தை நம்புகிற அந்த எஸ்.ஐ.யிடம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லையா?

நான் பெங்களூர் திரும்பிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையிடமிருந்து போன்.

"பாப்பா, ஒண்ணு அனுப்பிக்கீறேன். பாரு."

பார்த்தேன். அதே பைபாஸ். ஆரஞ்சு கலர் பைக். அதே நம்பர். தேதி, முந்தின நாள்.

உடனே தீபுவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டோம். வண்டி சங்கிலியில்தான் இருக்கிறதாம். பிளேட் பீரோவில்தான் இருக்கிறதாம். வேறு யாராவது நம்பரை எழுதி மாட்டியிருக்கலாம். முரளிக்குக் கூட்டாளிகள் நிறைய. கேமராவின் தேதி தப்பாக இருக்கலாம். ஐந்து, ஆறு, ஏழு... காரணங்கள் எனக்கு எப்போதும் கிடைக்கும்.

ஆனால் இந்த அபராதம் வண்டியைத் தூக்கியதற்கு இல்லை. சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றதற்கு. ஓட்டுகிறவனின் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அத்தையின் குரல் மட்டும் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"பாத்தியா? ரெண்டு வீலும் கீழ கீது. ஹெல்மெட்டும் போட்டுக்கினு கீறான்."

வண்டி எடுக்கும்போது நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோவை யார் வீட்டில், எத்தனை தடவை பெருசு பண்ணிப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.